ஆயுதச் சட்டமும் அடிமை நாடும்

ஏழைக் குடியானவன் ஒருவனுடைய வீட்டு மூலையிலே பழைய துப்பாக்கி ஒன்று கிடக்கிறது. அது குற்றமா? பிரித்தானிய ஆட்சியில் இருந்த இந்தியாவிலே இவ்வினாவிற்கு விடை துப்பாக்கியைப் பார்த்துக் கூறப்படவில்லை. வீட்டுக்காரனைப் பார்த்தே கூறப்பட்டது.

இக்கதையின் தொடக்கத்தைத் தமிழகத்திலேயே காண்கிறோம். 1799 ஒக்டோபரில் கட்டபொம்மன் கயத்தாற்றிலே தூக்கிலிடப்பட்டான். 1801 ஒக்டோபரில் மருது சகோதரர் திருப்பத்தூரிலே தூக்கிலிடப்பட்டனர். அவ்வாண்டு டிசெம்பர் முதலாந் திகதி சென்னைக் கவர்னர் எட்வர்ட் கிளைவ் விடுத்த பிரகடனம் பாளையங்களில் ஆயுதம் தாங்குவதைத் தடைசெய்தது. தலைமுறை தலைமுறையாகக் காவற்றொழில் புரிந்தவன் கையிலிருந்த வேலும் துப்பாக்கியும் ஓர் அறிக்கையினாற் குற்றப் பொருள்களாயின.

1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சி அந்நிய ஆட்சியின் அச்சத்தைப் பெருக்கிற்று. 1860இல் ஓர் ஆயுதச் சட்டமும், லிற்றன் பிரபுவின் காலத்தில், 1878இல், அதனினும் கடுமையான இன்னொன்றும் பிறந்தன. அநுமதிப் பத்திரமின்றித் துப்பாக்கி வைத்திருந்தால் மூன்றாண்டு வரை சிறை. அதிகாரிகள் அறியாவண்ணம் மறைத்து வைத்தால் ஏழாண்டு வரை சிறை. பொது அமைதிக்கு ஆபத்தென மாஜிஸ்திரேட் கருதினால் வீட்டைச் சோதனையிடலாம். காட்டுப்பன்றியிடமிருந்து பயிரைக் காக்க நினைத்த உழவனும் அதிகாரியின் தயவை நாடி நிற்க வேண்டியதாயிற்று.

ஐரோப்பியருக்கோ அநுமதிப் பத்திரம் வேண்டியதில்லை! 1857இல் அரசுக்கு விசுவாசமாயிருந்த குடகரும் விலக்குப் பெற்றனர். ஆகவே சட்டம் அஞ்சியது ஆயுதத்தையன்று. மக்களையே என்பது தெளிவு. அதே 1878இல் சுதேச மொழிப் பத்திரிகைகளுக்கும் லிற்றன் வாய்ப்பூட்டு இட்டமை தற்செயலன்று. நாவும் கையும் ஒருங்கே கட்டப்பட்டன. பத்திரிகைச் சட்டம் றிப்பன் பிரபுவின் காலத்தில் நீங்கிற்று; ஆயுதச் சட்டமோ நிலைத்தது.

1887இற் சென்னையிற் கூடிய காங்கிரஸ் மகாசபையிலே இளைஞரான விபின் சந்திர பாலர் இச்சட்டத்தின் பாரபட்சத்தைக் கண்டித்துப் பேசினார். எனினும் இனவேற்றுமை விதிகளிலிருந்து அகற்றப்பட்டது முதல் உலகப் போருக்குப் பின்னரேயாகும். அப்போதும் நடந்தது யாது? அரசாங்கப் பட்டம் பெற்றோரும் பெருநிலப் பிரபுக்களும் விலக்குப் பெற்றோராயினர். வெள்ளைத் தோலின் இடத்தில் செல்வாக்கு வந்து அமர்ந்தது. ஏழையின் வீட்டு வாசலில் சட்டம் முன்போலவே காவல் நின்றது.

சுதந்திர இந்தியா 1959இற் புதிய சட்டம் இயற்றி, 1962இல் அதனை நடைமுறைப்படுத்திற்று. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி தடைசெய்யப்பட்ட ஆயுதத்தை வைத்திருப்போருக்குக் குறைந்தது ஏழாண்டுச் சிறை. அது பதினான்கு ஆண்டு வரை நீளலாம். அதே 2019இல் குடகரின் பழைய விலக்கு 2029 வரை நீடிக்கப்பட்டது.

வீடுதோறும் துப்பாக்கி வேண்டும் என்று நாம் வாதாடவில்லை. துப்பாக்கி உள்ள வீட்டிற் குழந்தைக்கும் அயலாருக்கும் ஆபத்து உண்டு. அதைக் கட்டுப்படுத்தச் சட்டம் வேண்டியதே. ஆனால் தண்டனை கடுமையாகுந்தோறும் அது யார்மீது விழுகிறது என்ற வினாவும் கடுமையாதல் வேண்டும். மாளிகையின் சுவரிலே பெருமைச் சின்னமாகத் தொங்குவது குடிசையின் கூரையிலே குற்றச் சான்றாகுமாயின், அங்கே ஆள்வது நீதியன்று, வர்க்கமே. வரலாற்றைக் கற்பிப்போரும் கற்போரும் ஒவ்வொரு சட்டத்திடமும் முதலிற் கேட்க வேண்டியது இதுவே: நீ யாரைக் கண்டு அஞ்சிப் பிறந்தாய்?