குடும்பநல உத்தியோகத்தர் (இலங்கை)

கர்ப்பிணிகளையும் பிள்ளை பெற்ற தாய்மாரையும் சிசுக்களையும் வீடு தேடிச் சென்று கவனிக்கும் அரச சுகாதாரப் பணியாளர். பொதுச் சுகாதார மருத்துவமாது என்றும் பதிவுகளில் வருவார், ஊரவர்க்கு 'மிட்வைஃப்'. ஏறத்தாழ 2,000 முதல் 4,000 பேர் வாழும் பிரிவொன்று ஒருவரின் பொறுப்பு.

கொழும்பில் டி சொய்சா மகப்பேற்று மனை 1879இல் திறக்கப்பட்டபோதும், கிராமங்களில் பிள்ளைப்பேறு ஊர் மருத்துவிச்சிகளின் கையிலேயே இருந்தது. அவர்களைப் பற்றிய எழுத்துப் பதிவு சொற்பம். இருப்பதும் பெரும்பாலும் அவர்களைக் குறைகூறியவர்கள் எழுதியது.

குடும்பநல உத்தியோகத்தர் சேவையின் மூலவடிவம் களுத்துறையில் அமைந்தது. கொக்கிப்புழு ஒழிப்புக்காக ஏற்கெனவே தீவுக்கு வந்திருந்த றொக்பெல்லர் நிறுவனத்தின் துணையுடன் 1926இல் அங்கே முதலாவது சுகாதாரப் பிரிவு நிறுவப்பட்டது. நோயாளி வரும்வரை காத்திராமல், ஒரு நிலப்பரப்பை வரையறுத்து, அங்குள்ள எல்லாரையும் ஒரே அலுவலகத்தின் பொறுப்பில் கொண்டுவந்ததே அதன் புதுமை. சுகாதார வைத்திய அதிகாரி, பொதுச் சுகாதாரப் பரிசோதகர், தாதி, மருத்துவமாது எனப் பணி பகிரப்பட்டது. மருத்துவமாது வீட்டிலேயே பிரசவம் பார்த்தார். பின்னும் போய்த் தாயையும் பிள்ளையையும் பார்த்தார். இம்முறை படிப்படியாகத் தீவெங்கும் பரவியது.

1930களில் 1 இலட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு 2,000க்கு மேற்பட்ட தாய்மார் இறந்தனர். 1950களின் தொடக்கத்தில் அது 600க்கும் கீழே இறங்கியது. இதில் மருத்துவமாதரின் பங்கு எவ்வளவு என்பதில் ஒருமித்த கருத்தில்லை. 1940களின் நடுப்பகுதியில் தொடங்கிய டிடிடி தெளிப்பால் மலேரியா தணிந்ததைச் சிலர் முதன்மைப்படுத்துவர். இலவசக் கல்வி, நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகள், மருத்துவமனைப் பெருக்கம் ஆகியவற்றை வேறு சிலர் சுட்டுவர். எல்லாம் ஒரே காலத்தில் நிகழ்ந்தமையால் பிரித்தறிவது கடினம்.

பிரசவங்கள் மருத்துவமனைக்குப் போனபின் பேற்றுக்குப் பிந்திய வீட்டுத் தரிசிப்பே பணியின் முக்கிய கூறாயிற்று. முதற் பத்து நாளில் இருமுறை, 14–21ஆம் நாட்களுக்கிடையில் ஒருமுறை, 42ஆம் நாளையொட்டி ஒருமுறை செல்வது நடைமுறை. தையல் ஆறுகிறதா, கருப்பை சுருங்குகிறதா, காய்ச்சல் உண்டா, தொப்புள் காய்ந்ததா, கண் மஞ்சளா என்று பார்ப்பார்; பால் கொடுக்கச் சொல்லிப் பிள்ளை மார்பைப் பற்றும் விதத்தையும் கவனிப்பார். பிள்ளைப்பேற்றின்பின் 31ஆம் நாள்வரை துடக்கு (தீட்டு) காக்கும் யாழ்ப்பாண வீடுகளிலும் அவருக்கு அந்தத் துடக்குப் பொருந்தாது. உறவினர் தயங்கும் அறைக்குள் அவர் நேரே போவார். பிள்ளை பெற்றவளுக்கு ஆக்கும் சரக்குக் கறியைத் தடுப்பதில்லை. மரக்கறியும் மீனும் சேர்கிறதா என்றுதான் கேட்பார்.

பெருந்தோட்டங்களில் தாய்சேய் நலம் நெடுங்காலம் தோட்ட நிர்வாகங்களின் பொறுப்பில் இருந்தது. அரச சேவை அங்கு தாமதமாகவே எட்டியது. உள்நாட்டுப் போர்க்காலத்தில் வடக்கு கிழக்கில் ஆளணிப் பற்றாக்குறை நிலவியது.

1968இல் தாய்சேய் நலத்துக்கெனக் குடும்ப சுகாதாரப் பணியகம் அமைந்தது. குடும்பநல உத்தியோகத்தருக்கான பயிற்சி தற்போது ஒன்றரை ஆண்டு. 2022இன் எரிபொருள் தட்டுப்பாட்டில் வீட்டுத் தரிசிப்புகள் பல இடங்களில் தடைப்பட்டன.