சென்னை – திருச்சி சாலையில் ஒரு பழைய ஓட்டம்

சென்னையிலிருந்து காரில் திருச்சி திரும்புகிறவர்கள் உளுந்தூர்பேட்டை தாண்டியதும் தூங்கிவிடுவார்கள். நண்பர்களே, தொழுதூர் வந்ததும் பக்கத்தில் இருப்பவரைத் தட்டி எழுப்புங்கள். பெரம்பலூருக்கு முன்னால் ரஞ்சன்குடிக் கோட்டை சாலையிலிருந்தே தெரியும். அகழி, வளைந்த கொத்தளங்கள் எல்லாம் இன்னும் இருக்கின்றன. இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம். ஆனால் இறங்கிப் பார்க்கிறவர்கள் குறைவு.

அடுத்து வருவது வாலிகண்டபுரம். 1751-ல் இங்கேதான் அந்தச் சண்டை. ஆற்காட்டு நவாப் பதவி யாருக்கு என்ற தகராறு. சந்தா சாகிப் பக்கம் பிரெஞ்சுக்காரர்கள், திருச்சியில் இருந்த முகமது அலி பக்கம் ஆங்கிலேயர்கள். கோட்டையின் கில்லேதார் கெட்டிக்காரர். இரண்டு பக்கமும் பேரம் பேசிக்கொண்டே, யார் ஜெயிப்பார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார் (பங்குச் சந்தையில் பிழைத்திருப்பார்!). பொறுமையிழந்த ஆங்கிலேயர்கள் கோட்டையைத் தாக்க, அவர் சந்தா சாகிப் பக்கம் சாய்ந்துவிட்டார். பீரங்கி வெடித்ததும் கும்பினிப் படையின் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பயந்து ஓட ஆரம்பித்தார்கள். அவர்களைத் தடுத்து நிறுத்தப் பார்த்தவர்களில் 25 வயது ராபர்ட் கிளைவும் ஒருவர். யாரும் நிற்கவில்லை!

அவர்கள் ஓடிய வழி ஏறக்குறைய நாம் ஊர் திரும்பும் அதே வழிதான். பாடாலூருக்குக் கிழக்கே இருக்கும் ஊட்டத்தூரில் சில நாள் தாக்குப்பிடித்தார்கள். பிறகு கொள்ளிடம், ஸ்ரீரங்கம், கடைசியில் திருச்சிக் கோட்டைக்குள் தஞ்சம். காரில் ஒரு மணி நேரத்துச் சமாச்சாரம். பின்னாலேயே வந்த சந்தா சாகிப் திருச்சியை முற்றுகையிட்டார். அந்த முற்றுகையைத் திசை திருப்பத்தான் கிளைவ் ஆற்காட்டைப் பிடித்தார். பள்ளிப் புத்தகத்தில் ஆற்காடு மட்டும் வரும், இந்த ஓட்டம் வராது.

1752-ல் எல்லாம் தலைகீழ். சந்தா சாகிப்பின் படை ஸ்ரீரங்கத்தில் மாட்டிக்கொண்டது. சமயபுரத்தில் நடந்த இரவுச் சண்டையில் கிளைவ் மயிரிழையில் உயிர் தப்பினார். பாண்டிச்சேரியிலிருந்து உதவிக்கு வந்த பிரெஞ்சுப் படை வாலிகண்டபுரத்துக்குப் பின்வாங்கியது. ஆனால் இந்த முறை கோட்டைக் கதவு அவர்களுக்குத் திறக்கவில்லை. கில்லேதாரை முகமது அலி முன்பே வளைத்துப் போட்டிருந்தார். பிரெஞ்சுக்காரர்கள் கிளைவிடம் சரணடைந்தார்கள். சில நாட்களில் சந்தா சாகிப் தஞ்சாவூர்த் தளபதி மானோஜியை நம்பிப் போக, அவர் தலை வெட்டப்பட்டது. அந்தக் கதவு திறந்திருந்தால் தென்னாட்டில் பிரெஞ்சுக்காரர்களின் கை ஓங்கியிருக்கலாம்.

சமயபுரம் தாண்டி கொள்ளிடம் பாலம் ஏறும்போது வலது பக்கம் பாருங்கள். ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் அந்தச் சிப்பாய்கள் கண்ணில் பட்டிருக்காது. 236 அடிக்கு அது எழுந்தது 1987-ல்தான். அவர்கள் தேடியது 83 மீட்டர் உயர மலைக்கோட்டைப் பாறையை. ஊர் வந்துவிட்டது என்று நாம் பை எடுக்க ஆரம்பிப்பதும் அதைப் பார்த்துத்தான்.