குடியேறியோரிடையே ஹெபடைடிஸ் பி (அமெரிக்க ஐக்கிய நாடுகள்)

ஹெபடைடிஸ் பி வைரஸால் உண்டாகும் நாட்பட்ட கல்லீரல் அழற்சி, அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பெரும்பாலும் ஆசியா, பசிபிக் தீவுகள், ஆப்பிரிக்கா ஆகிய பிரதேசங்களில் பிறந்து அந்நாட்டில் குடியேறியவர்களிடம் காணப்படுகிறது. பிரசவத்தின்போது தாயிடமிருந்து இது தொற்றிய சிசுக்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேரிடம் ஆயுள் முழுதும் நிலைத்துவிடும். வயது வந்தபின் பற்றினால் நூற்றுக்கு ஐவருக்கும் குறைவானவரிடமே நிலைக்கும். பிள்ளைப் பருவத்தில் பற்றியது பல ஆண்டுகள் யாதொரு வேதனையுமின்றி உடலில் தங்கியிருந்து, பிள்ளைகளைப் படிக்கவைத்துக் குடும்பத்தைத் தாங்கும் நடுவயதில் ஈரல் சுருக்கமாகவோ புற்றாகவோ வெளிப்படுவதால், சிகிச்சைச் செலவும் வருமான இழப்பும் ஒருங்கே வந்து விழுகின்றன.

பரிசோதனை முறையே இல்லாதிருந்த காலத்துக் குடியேறிகளைப் பற்றி நம்பத்தக்க கணக்கு கிடையாது. வைரஸின் அடையாளத்தை முதலில் கண்டவர் பரூக் ப்ளம்பெர்க்: பலமுறை ரத்தம் ஏற்றப்பட்ட ஒரு ஹீமோபிலியா நோயாளியின் சீரமும் ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் சீரமும் அகார் கூழின் இரு குழிகளிலிருந்து ஊறிச் சந்தித்த இடத்தில் ஒரு மெல்லிய கோடு தோன்றிற்று, 1965இல் வெளியான அக்கண்டுபிடிப்பு 1976இல் நோபல் பரிசுக்குரியதாயிற்று. சென்னையில் நடந்த கீழாநெல்லி ஆராய்ச்சியிலும் ப்ளம்பெர்க் பங்குகொண்டார் என்பது நமக்கு நெருக்கமான செய்தி. 1988இல் வெளியான அதன் நம்பிக்கையூட்டும் முடிவைப் பிற்கால ஆய்வுகள் உறுதிப்படுத்தவில்லை.

குடியேற்றச் சட்டம் 1965இல் திருத்தப்பட்டதும், 1975இல் வியட்நாமின் சைகோன் நகர் வீழ்ந்தபின் அகதிகள் திரளாக வந்ததும் இந்நோயின் பரவலை மாற்றின. 1981இல் பால்மர் பீஸ்லியும் அவருடைய சகாக்களும் தைவானில் 22,707 ஆண்களைத் தொடர்ந்து கவனித்து வெளியிட்ட ஆய்வு, ஈரல் புற்றுக்கும் இவ்வைரஸுக்கும் உள்ள சம்பந்தத்தை ஐயத்துக்கிடமின்றி நிலைநாட்டிற்று. தடுப்பூசியும் அதே ஆண்டு அங்கீகாரம் பெற்றது. கர்ப்பிணிகள் அனைவரையும் பரிசோதிக்கும்படி 1988இலும், சிசுக்கள் அனைவருக்கும் ஊசி போடும்படி 1991இலும் பரிந்துரைக்கப்பட்டது.

மிக விரிவான பதிவுகள் கிடைப்பது சான் பிரான்சிஸ்கோவைப் பற்றியே. ஜனத்தொகையில் மூன்றிலொரு பங்கு ஆசிய வம்சத்தவரான அந்நகரில், 2007ஆம் ஆண்டில், நகரச் சுகாதார இலாகாவும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஆசிய ஈரல் மையமும் வேறு சில ஸ்தாபனங்களும் கூடி, ஆசியர் ஒவ்வொருவரையும் பரிசோதித்துத் தடுப்பூசி போடுவதென்னும் இயக்கத்தைத் தொடங்கின. சேர்ந்து உண்பதால் நோய் தொற்றுமென்ற பிழையான எண்ணமும், செய்தி வெளியானால் பிள்ளைகளின் விவாகம் தடைப்படுமோ என்ற அச்சமும் மக்களைத் தயங்கவைத்த அச்சூழலில், சட்டமன்ற உறுப்பினர் ஃபியோனா மா தமக்கே இந்நோய் உண்டென்று பகிரங்கமாகச் சொன்னது பெரும் துணிவு என்றே கூறவேண்டும். 2010இல், ஆசிய முகங்கள் வரிசையாக நிற்கும் படங்களின் மேல் இவர்களில் யார் சாகத் தகுந்தவர் என்று கேட்ட அவ்வியக்கத்தின் விளம்பரங்கள் சர்ச்சைக்குள்ளாயின. அவை மக்களைப் பரிசோதனைக்கு இழுத்தனவா, மிரட்டிவிட்டனவா என்பதில் அபிப்பிராய பேதம் உண்டு.

நோயாளிகளின் தொகையும் விவாதத்துக்குரியது. அரசாங்க மதிப்பீடுகள் பத்து லட்சத்துக்குக் குறைவாகச் சொல்ல, குடியேறியவர்களைத் தனியே கணக்கிட்ட ஆய்வாளர்கள் இருபது லட்சத்துக்கு மேலும் இருக்கலாமென்கின்றனர். வீட்டுக் கணக்கெடுப்புகளில் குடியேறியோர் விடுபட்டுப்போவதே வேற்றுமைக்குக் காரணம் என்பது பலர் கருத்து. 1974 முதல் 2008 வரை சுமார் 13 லட்சம் நாட்பட்ட நோயாளிகள் வெளிநாடுகளிலிருந்து வந்ததாக ஒரு மதிப்பீடு உண்டு. ஆசியரிடையே பரிசோதித்துச் சிகிச்சை அளித்தால், நல்ல ஆரோக்கியத்துடன் கூடும் ஒவ்வோர் ஆண்டு ஆயுளுக்கும் சுமார் 36,000 டாலர் செலவாகுமென்று 2007இல் ஆய்வாளர்கள் கணித்தனர். அந்நாட்டு வழக்கில் அது நியாயமான செலவே.

நோயாளிகள் நூற்றுக்கு இருவருக்குக் குறையாத நாடுகளில் பிறந்தோர் அனைவரையும் பரிசோதிக்க 2008இல் பரிந்துரைக்கப்பட்டபோது இந்தியாவில் பிறந்தவர்களும் அதில் அடங்கினர். 2013இல், இந்நோயைக் காரணங்காட்டி இரு மாணவர்களுக்கு இடமளிக்க மறுத்த நியூ ஜெர்சி மருத்துவக் கல்லூரிகளின் விஷயத்தில் நீதி இலாகா தலையிட்டு உடன்படிக்கை செய்தது. வயது வந்தோர் அனைவரும் ஒருமுறையேனும் பரிசோதித்துக்கொள்ளவேண்டுமென்பது 2023ஆம் ஆண்டின் பரிந்துரை.