துப்பாக்கி போனது, அரிவாள் நின்றது: காஞ்சிபுரம் வட்டாரத்தில் ஆயுதக் கட்டுப்பாட்டின் வரலாறு

ஏனாத்தூரில் ஒருவர் துப்பாக்கி வைத்துக்கொள்ள விரும்பினால் காஞ்சிபுரம் மாவட்ட ஆட்சியரிடம் மனுக் கொடுக்க வேண்டும். உயிருக்கு என்ன ஆபத்து என்பதைக் காட்ட வேண்டும். காவல்துறை விசாரித்து அறிக்கை தரும். மருத்துவச் சான்று, பயிற்சிச் சான்று, துப்பாக்கியைப் பத்திரமாக வைக்க இடம் உண்டு என்ற உறுதி எல்லாம் சரியாக இருந்தாலும் உரிமம் கிடைக்கும் என்று நிச்சயமில்லை. அதே ஊரில் தென்னை மட்டை கழிக்க ஓர் அரிவாள் வாங்க யாரிடமும் எதையும் கேட்க வேண்டியதில்லை. இந்த ஏற்பாடு உருவாக இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் ஆயின. தமிழ்நாட்டு வன்குற்றங்களின் முகத்தை அதுவே பெருமளவு தீர்மானித்தும் இருக்கிறது.

பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் இந்த வட்டாரம் ஆயுதம் நிறைந்த பூமி. 1688இல் முகலாயப் படை வரும் என்ற அச்சத்தில் காஞ்சிக் கோயில்களின் உற்சவ மூர்த்திகளை ஊரைவிட்டுக் கொண்டுபோனார்கள். பிணத்தைத் தூக்கிச் செல்வதுபோல் மறைத்து எடுத்துச் சென்றதாக மரபு சொல்கிறது. வரதராஜப் பெருமாள் உடையார்பாளையம் பாளையக்காரரின் காவலில் இருந்தார். ஆபத்து நீங்கிய பிறகும் பாளையக்காரர் மூர்த்தியைத் திருப்பித் தர மனமில்லாமல் இருந்தார். ஆற்காட்டு ஆட்சியின் தளபதி தோடர்மால் படைபலத்தைக் காட்டிய பின்னரே 1710இல் பெருமாள் ஊர் திரும்பினார். அச்செய்தியைக் கோயில் கல்வெட்டு பதிவு செய்திருக்கிறது. தெய்வமே ஆனாலும் ஆள்கட்டும் ஆயுதமும் உள்ளவரிடம்தான் பத்திரமாக இருக்க முடியும் என்பது அக்காலத்தின் நடைமுறை.

ஊர்க்காவலும் இதே அடிப்படையில்தான் நடந்தது. தலையாரியும் காவல்காரரும் ஊரைக் காத்தார்கள். அவர்களுக்கு மேலே பாளையக்காரர் பல ஊர்களைச் சேர்த்து தேசகாவல் பார்த்தார். களத்துமேட்டில் விளைச்சலின் ஒரு பங்கு இவர்களுக்குப் போனது. திருட்டுப் போன பொருளைக் கண்டுபிடிப்பதும், முடியாவிட்டால் ஈடு கொடுப்பதும் அவர்கள் பொறுப்பு. காவல் கூலி கொடுக்க மறுத்த ஊரில் திருட்டு கூடிவிடும் என்பதும் எல்லாரும் அறிந்ததே. காத்தவர் கையிலும் கவர்ந்தவர் கையிலும் இருந்தவை ஒரே வேலும் வாளும் திரித் துப்பாக்கியும்தான். சில வேளைகளில் இருவரும் ஒரே ஆளாகவும் இருந்தனர்.

செங்கல்பட்டுச் சீமையை ஆற்காட்டு நவாப் முகம்மது அலி 1763இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். நிலம் கைமாறியதால் ஆயுதம் குறைந்துவிடவில்லை. 1780 செப்டம்பர் 10ஆம் தேதி, காஞ்சிபுரத்துக்கு வடக்கே உள்ள புள்ளலூரில் ஹைதர் அலியும் திப்புவும் கர்னல் பெய்லியின் படையை அழித்தார்கள். மைசூர்ப் படையின் ராக்கெட்டுகள் பெய்லியின் வெடிமருந்து வண்டிகளைக் கொளுத்திவிட்டதே தோல்விக்கு முக்கியக் காரணம் என்பர். பெய்லிக்காகக் காஞ்சிபுரத்தில் காத்திருந்த ஹெக்டர் மன்றோ உதவிக்குப் போகாமல், கனத்த பீரங்கிகளைக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுப் பின்வாங்கினார். கம்பெனி இந்த அவமானத்தை எளிதில் மறக்கவில்லை. படைக்கு வெளியே யாரிடமும் படைக்கலம் இருக்கக் கூடாது என்ற எண்ணம் அடுத்த இருபது ஆண்டுகளில் கொள்கையாக உறைந்தது.

1794 முதல் ஜாகீரின் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ், இப்பகுதிப் பாளையக்காரர்களின் காவல் உரிமையைக் கம்பெனியின் கைக்குள் கொண்டுவர முனைந்தார். தெற்கே இந்த வேலை ரத்தத்தில் முடிந்தது. 1799 அக்டோபர் 16இல் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். பாளையக்காரர்கள் கோட்டைகளை இடிக்கவும் ஆயுதங்களை ஒப்படைக்கவும் உடனே உத்தரவு பிறந்தது. பாளையக்காரர்களின் இரண்டாவது போரில் ஊமைத்துரையும் மருது சகோதரர்களும் வீழ்ந்த பின், 1801 டிசம்பர் 1ஆம் தேதி சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் ஒரு பிரகடனம் வெளியிட்டார். தென்சீமைகளில் கம்பெனி அனுமதித்தவை தவிர வேறு ஆயுதங்களைப் பயன்படுத்துவது ஒடுக்கப்படும் என்று அது அறிவித்தது. பாளையக்காரர் ஜமீன்தார் ஆனார். வரி கட்டுவதோடு அவர் வேலை முடிந்தது. தமிழகத்தின் முதல் துப்பாக்கிக் கட்டுப்பாடு இதுவே எனலாம். குற்றத்தைக் குறைப்பது இதன் நோக்கமே அல்ல. கிளர்ச்சியின் கையை வெட்டுவதுதான் நோக்கம்.

சிப்பாய்க் கலகத்தின்போது 1857இலும், மீண்டும் 1860இலும் அகில இந்திய அளவில் ஆயுதச் சட்டங்கள் வந்தன. இவற்றைவிடப் பெயர்பெற்றது லிட்டன் பிரபு காலத்தின் 1878 சட்டம். உரிமமின்றித் துப்பாக்கி மட்டுமல்ல, வாள் வைத்திருப்பதும் அதன்படி குற்றமாகக் கூடும். ஐரோப்பியருக்கு விதிவிலக்கு உண்டு, குடகருக்கும் தனியே விலக்கு அளிக்கப்பட்டது. படித்த இந்தியரை அதிகம் புண்படுத்தியது இந்தப் பாகுபாடுதான். 1887 டிசம்பரில் சென்னையில் கூடிய மூன்றாவது காங்கிரஸ் மாநாட்டில் இச்சட்டத்துக்கு எதிராக விபின் சந்திர பால் உரத்துப் பேசினார். காரணத்தை எழுத்தில் பதிவு செய்து தடுத்தாலொழிய, ஆயுதம் வைத்திருக்க எவரையும் அனுமதிக்க வேண்டும் என்ற பொருளில் தீர்மானம் நிறைவேறியது. 1918இல் போருக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்த காந்தியும், ஒரு தேசத்தின் கையிலிருந்து ஆயுதத்தைப் பறித்த இச்சட்டத்தை ஆங்கிலேயர் செய்த கொடுமைகளிலேயே கொடிதாகக் கருதினார். அகிம்சையின் தலைவரே இப்படிச் சொன்னது இன்று வியப்பளிக்கலாம். அன்றைய வாதம் குற்றத்தைப் பற்றியது அல்ல, குடிமகனின் மதிப்பைப் பற்றியது என்பதை மறந்தால்தான் அந்த வியப்பு.

சட்டம் துப்பாக்கியை முற்றிலும் நிறுத்தியதும் இல்லை. 1911 ஜூன் 17இல் மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதன் கையில் இருந்தது பிரௌனிங் கைத்துப்பாக்கி. பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியில் ஆங்கிலேயரின் சட்டம் செல்லாது. புரட்சியாளர்கள் சுடப் பழகியது அங்கேதான். ஒரு சட்டத்தின் எல்லையைத் தாண்டினால் அடுத்த ஊரில் ஆயுதம் கிடைக்கும் என்ற சிக்கல், இன்று அமெரிக்க மாநிலங்களுக்கு இடையே பேசப்படுவதற்கு நூறு ஆண்டுகள் முன்பே இங்கே பார்த்ததுதான்.

ஆயுதம் வைத்திருப்பதை 1931 கராச்சி காங்கிரஸ் அடிப்படை உரிமைகளுள் ஒன்றாகச் சேர்த்தது, விதிகளுக்கு உட்பட்டு என்ற நிபந்தனையோடு. விடுதலைக்குப் பின் 1948 டிசம்பரில் ஹெச்.வி. காமத் அதை அரசியலமைப்பிலும் எழுத வேண்டும் என்று அரசியல் நிர்ணய சபையில் திருத்தம் கொண்டுவந்தார். அம்பேத்கர் மறுத்தார். எல்லாருக்கும் உரிமை என்று எழுதிவிட்டால் குற்றமே தொழிலாகக் கொண்டவனுக்கும் அந்த உரிமை சேரும் என்பது அவர் வாதத்தின் சாரம். திருத்தம் தோற்றது. 1791 முதல் ஆயுத உரிமையை அரசியலமைப்பிலேயே வைத்திருக்கும் அமெரிக்காவும், அதை அரசு தரும் சலுகையாக வைத்துக்கொண்ட இந்தியாவும் பிரிந்தது இந்த இடத்தில்தான்.

இன்றைய படைக்கலச் சட்டம் 1959இல் இயற்றப்பட்டு 1962 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. சட்டமியற்றியவர்கள் இதைத் தளர்வான சட்டமாகவே நினைத்தார்கள். கத்தி, ஈட்டி, வில் அம்பு முதலானவற்றைச் சாதாரணக் காலத்தில் உரிமக் கட்டாயத்திலிருந்து விடுவிப்பதும் அதன் நோக்கங்களில் ஒன்று. 4ஆம் பிரிவின்படி ஒரு பகுதியை அரசு தனியே அறிவித்தால்தான் அங்கே கூர்முனை ஆயுதத்துக்கு உரிமம் வேண்டும். அப்போதும் ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளே கணக்கில் வரும். வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் செய்தவை சேராது. அரிவாள் இந்த வாசல் வழியாகத்தான் வெளியே நிற்கிறது.

துப்பாக்கியின் மேல் பிடி இறுகிக்கொண்டே வந்தது. ஒருவர் மூன்று துப்பாக்கி வரை வைத்திருக்கலாம் என்பது 2019 திருத்தத்தில் இரண்டாகக் குறைந்தது. கொண்டாட்டத்தில் வானை நோக்கிச் சுட்டாலும் சிறை உண்டு என்று அதே திருத்தம் சொன்னது. தேர்தல் அறிவித்தவுடன் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்லும் வழக்கமும் இருக்கிறது. வங்கிக் காவலர், விளையாட்டு வீரர் போன்றோருக்கு விலக்கு கிடைக்கும். உரிமம் வைத்திருப்போரில் பலர் முன்னாள் ராணுவத்தினர், வங்கி வாசலில் இரட்டைக் குழல் துப்பாக்கியோடு நிற்பவர்கள்.

துப்பாக்கி கொலை முயற்சிக்குக் கருவியாகி நாட்டையே உலுக்கிய நிகழ்ச்சி தமிழகத்தில் ஒன்றை உடனே சொல்லலாம். 1967 ஜனவரி 12இல் ராமாவரம் தோட்டத்தில் எம்.ஜி.ஆர். சுடப்பட்டார். அவரைச் சுட்டதாக நடிகர் எம்.ஆர். ராதா மீது தொடரப்பட்ட வழக்கு செங்கல்பட்டு அமர்வு நீதிமன்றத்தில் நடந்தது, ஏழாண்டுச் சிறை விதிக்கப்பட்டுப் பிறகு மேல்முறையீட்டில் குறைந்தது. கழுத்தில் கட்டோடு இருந்த எம்.ஜி.ஆரின் படம் சுவரொட்டியாக ஊரெங்கும் ஒட்டப்பட்டது. அடுத்த மாதத் தேர்தலில் காஞ்சிபுரத்துக்காரரான அண்ணாவின் கட்சி ஆட்சியைப் பிடித்தது. துப்பாக்கிச் சூடு அவ்வளவு அபூர்வம் என்பதால்தான் அந்த ஒரு குண்டு அத்தனை பேசப்பட்டது.

காஞ்சிபுரம் வட்டாரத்தின் மற்றப் பெருங்குற்றங்களில் துப்பாக்கி இல்லை. 1991 மே 21இல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியைக் கொன்றது இடுப்பில் கட்டிய வெடிகுண்டு. 2004 செப்டம்பர் 3ஆம் தேதி வரதராஜப் பெருமாள் கோயில் வளாகத்திலேயே கோயில் மேலாளரை ஒரு கும்பல் அரிவாளால் வெட்டிக் கொன்றது. புதுச்சேரிக்கு மாற்றப்பட்ட அந்த வழக்கில் விசாரணையை எதிர்கொண்ட அனைவரும் 2013 நவம்பர் 27இல் விடுதலையானார்கள். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் தொழிற்சாலைகள் வந்து நிலத்தின் விலை ஏறியதும், சாராயத்தில் பணம் பார்த்த கூட்டங்கள் நிலபேரத்துக்கும் கட்டப் பஞ்சாயத்துக்கும் மாமூலுக்கும் திரும்பின. அவற்றின் பழிதீர்ப்புகளில் வந்தவை வீச்சரிவாளும் பட்டாக்கத்தியும் நாட்டு வெடிகுண்டும்தான்.

இதிலிருந்து இரு தரப்பும் தமக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ள முடியும். துப்பாக்கியைப் பிடுங்கினால் கொலைகாரன் வேறு கருவியைத் தேடிக்கொள்வான், சட்டத்துக்கு அஞ்சுபவன் மட்டும் வெறுங்கையோடு நிற்பான் என்று ஒரு தரப்பு சொல்லும். காஞ்சிபுரத்து அரிவாள் வெட்டுகள் அதற்குச் சான்றுபோல் தோன்றும். ஆனால் அரிவாளால் கொல்ல நெருங்கி வர வேண்டும். ஐந்தாறு பேர் சேர வேண்டும், முன்கூட்டியே 'ஸ்கெட்ச்' போட வேண்டும். தப்பி ஓட வாய்ப்பு உண்டு, வேடிக்கை பார்ப்பவன் சாவது அரிது. பள்ளிக்கூடத்திலோ திருவிழாக் கூட்டத்திலோ தனி ஒருவன் நுழைந்து நிமிடங்களில் பத்துப் பேரைச் சாய்ப்பது இக்கருவியால் ஏறக்குறைய முடியாத காரியம். கட்டுப்பாடு கொலையை ஒழிக்கவில்லை, கொலையின் அளவைக் கட்டுப்படுத்தியது என்ற வாதமே இங்கே வலுவாக நிற்கிறது.

அதற்காகச் சட்டத்துக்கே முழுப் பெருமையும் கொடுத்துவிட முடியாது. 2016 இறுதியில் உள்துறை அமைச்சகக் கணக்குப்படி உத்தரப் பிரதேசத்தில் சுமார் 12.77 லட்சம் துப்பாக்கி உரிமங்கள், தமிழ்நாட்டில் ஏறத்தாழ 22,500. இரண்டு மாநிலத்துக்கும் சட்டம் ஒன்றே. வேறுபாடு உரிமம் தரும் அலுவலகங்களின் பழக்கத்திலும், துப்பாக்கியைக் கௌரவமாகப் பார்க்கும் சமூகத்திலும் இருக்கிறது. உரிமமற்ற துப்பாக்கி வேறு கணக்கு. இந்தியாவில் பொதுமக்கள் கையில் ஏழு கோடிக்கு மேல் துப்பாக்கிகள் இருப்பதாகவும், அவற்றில் பெரும்பகுதி பதிவில்லாதவை என்றும் ஜெனிவாவின் சிற்றாயுத ஆய்வு நிறுவனம் 2017க்கு மதிப்பிட்டது. பீகாரின் முங்கேரில், மீர் காசிம் 1760களில் அமைத்த துப்பாக்கிப் பட்டறையின் வழிவந்த கைத்தொழில் கள்ளச் சந்தைக்கு இன்றும் சரக்கு தருகிறது. தமிழகத்தில் எஞ்சியது ஜவ்வாது, கல்வராயன் மலைகளில் கரிமருந்து கெட்டித்துச் சுடும் நாட்டுத் துப்பாக்கி. வேட்டைக்கும் காட்டுப்பன்றி விரட்டவும் வைத்திருந்தவை அவை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைக் குற்றமாக்கியபோது நரிக்குறவர் துப்பாக்கிக்கும் பிழைப்பு போனது.

வன்குற்றத்துக்கு எதிராகத் தமிழக அரசு அதிகம் நம்பியது படைக்கலச் சட்டத்தை அல்ல. 1982இல் வந்த குண்டர் சட்டம், விசாரணை இல்லாமலே ஓராண்டு வரை ஒருவரை அடைத்துவைக்க வழி தருகிறது. துப்பாக்கி உரிமத்தில் கையெழுத்திடும் அதே ஆட்சியர்தான் மாவட்டங்களில் இந்த உத்தரவிலும் கையெழுத்திடுகிறார். நாட்டு வெடிகுண்டு வழக்குகளுக்கு 1908ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டம் இருக்கிறது. அரிவாளுக்குத்தான் தனிச் சட்டம் இல்லை. 2021 செப்டம்பரில் மாநிலம் முழுதும் ரவுடிகளைத் தேடி நடந்த சோதனையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கத்தி அரிவாள்கள் பிடிபட்டன, துப்பாக்கிகளோ விரல்விட்டு எண்ணும் அளவே. அதைத் தொடர்ந்து, கத்தி, அரிவாள் செய்யும் பட்டறைக்காரரும் விற்பவரும் வாங்குபவரின் பெயர், முகவரி, தொலைபேசி எண்ணைக் குறித்துவைக்க வேண்டும், கண்காணிப்புக் கேமரா பொருத்த வேண்டும் என்று காவல்துறை அறிவுறுத்தியது. விவசாயத்துக்கும் வீட்டுக்கும் வாங்குபவர்களுக்கு அது பொருந்தாது என்றும் சொல்லப்பட்டது. பட்டறையில் வந்து நிற்பவர் எந்த வேலைக்கு வாங்குகிறார் என்பதைக் கொல்லர் எப்படி அறிவது என்பதற்கு அந்த அறிவுறுத்தலில் வழி இல்லை.