அரிவாள் அணுவும் கண்ணொளியும்

கரீபியக் கடலிலுள்ள கிரெனடா தீவிலிருந்து பல் வைத்தியம் பயிலும் பொருட்டு 1904ஆம் ஆண்டில் சிகாகோ நகருக்கு வந்த வால்ட்டர் கிளெமென்ட் நோயல் என்னும் இளைஞர், அவ்வாண்டின் இறுதியில் நோயுற்று ஆஸ்பத்திரியில் சேர்ந்தபோது, அவருடைய ரத்தத்தை உருப்பெருக்கியில் நோக்கிய எர்னஸ்ட் அயர்ன்ஸ் என்ற இளம் வைத்தியர், வட்டமாயிருக்க வேண்டிய சிவப்பணுக்களில் பல நீண்டு வளைந்து அரிவாளின் வடிவம் பெற்றிருக்கக் கண்டார். அவருக்கு மேலிருந்த ஜேம்ஸ் ஹெரிக் 1910இல் அதைப் பிரசுரித்தார். நோயல் படிப்பை முடித்துத் தாய்நாடு திரும்பித் தொழில் நடத்தி, 1916இல் முப்பத்திரண்டாம் வயதில் காலமானார். 1949இல் லைனஸ் பாலிங் குழுவினர் சிவப்பணுவிலுள்ள ஹீமோகுளோபினின் அமைப்பிலேயே இந்த அரிவாள் அணு நோயின் மூலம் இருக்கிறதென்று நிரூபித்தனர். மூன்றாண்டுகளில், நம் நீலகிரியின் பழங்குடி மக்களிடையேயும் இவ்வணு காணப்படுவதை லேமன், கட்புஷ் இருவரும் வெளியிட்ட பிறகு, இதைத் தூரதேசத்து வியாதி என்று ஒதுக்கிவிட இடமில்லாது போயிற்று.

எலும்பையும் மூட்டையும் வாட்டும் கொடிய வேதனையே இந்நோயில் எவர் கண்ணுக்கும் முதலில் படுவது. ஆனால் கண்ணுக்கு நேரும் தீங்கோ வேதனையின்றி வருவது. ஆகையால் அது வைத்தியர்களின் கவனத்தை வெகுகாலம் பெறவில்லை. வளைந்த அணுக்கள் விழித்திரையின் ஓரத்திலுள்ள நுண்ணிய நாளங்களை அடைக்க, பிராணவாயு கிடைக்காத அப்பகுதியை நோக்கி வலுவற்ற புதிய நாளங்கள் கிளைத்தெழுகின்றன. கடலடியில் வளரும் ஓர் உயிரினத்தின் சாயலால் இவற்றைக் கடல் விசிறி என்றழைத்தனர். இவை கசிந்து உதிரம் கொட்டும். பின்னர் தழும்பு சுருங்கி விழித்திரையையே பிய்த்துவிடும். 1961இல் நோவாட்னி, ஆல்விஸ் என்ற இரு மாணவர்கள் கையிலே ஃப்ளோரசின் சாயம் ஏற்றிக் கண்ணின் நாளங்களைப் படம்பிடிக்கும் முறையைக் கண்ட பிறகே இந்த அடைப்புகளைத் தெளிவாக ஆராய இயன்றது. அதன் துணைகொண்டு மார்ட்டன் கோல்ட்பர்க் 1971இல் இந்த வீழ்ச்சியை ஐந்து படிகளாக வகுத்தார். பார்வை மங்கியதென்று நோயாளி உணர்வது பெரும்பாலும் நான்காவது, ஐந்தாவது படிகளில்தான்.

இதை முழுமையாக அறிய உதவியது ஜமைக்கா. கிங்ஸ்டன் நகரில் 1973 முதல் 1981 வரை பிறந்த ஒரு லட்சம் குழந்தைகளின் ரத்தத்தைச் சோதித்து, நோயுற்றவர்களைப் பிறப்பிலிருந்தே கிரஹாம் செர்ஜென்ட் குழுவினர் பின்தொடர்ந்தனர். கண்களைப் பார்த்தவர் ஐரிஷ் வைத்தியர் பால் காண்டன். பெற்றோர் இருவரிடமிருந்தும் அரிவாள் மரபணுவைப் பெற்று, வேதனையும் சோகையும் மிகுந்த எஸ்எஸ் வகையினருக்கே கண் அதிகம் கெடும் என்றுதான் எவரும் நினைப்பர். நடந்தது அதற்கு மாறானது. இருபத்தைந்து வயதை ஒட்டிய பருவத்தில் புதுநாளங்கள் எழுந்தவர் எஸ்எஸ் வகையில் 14 சதவீதமும், ஒருவரிடமிருந்து அரிவாள் மரபணுவையும் மற்றவரிடமிருந்து சி என்னும் வேறொரு மரபணுவையும் பெற்று, உடலளவில் சாதுவாகத் தோன்றும் எஸ்சி வகையில் 43 சதவீதமும் இருந்தனர்! சோகை குறைவாதலால் ரத்தம் அடர்ந்து ஓடுவதே காரணமெனக் கருதப்படுகிறது. திடகாத்திரமாய் நடமாடுபவரே ஒளியிழக்கும் அபாயத்தில் அதிகம் நிற்கிறார் என்பதே இந்தச் சரித்திரத்தில் என்னை மிகவும் கலங்கச் செய்த செய்தி.

ஆறுதலும் அங்கேயே கிட்டியது. பலருக்குக் கடல் விசிறிகள் தாமாகவே அடைபட்டு வாடிவிடுகின்றன. நிரந்தரமாய்ப் பார்வை இழந்தவர் சிலரே. நாளங்களுக்கு ஊட்டும் குழாயை உக்கிரமான ஒளிக்கற்றையால் சுட்டுத் தீர்க்கும் ஆரம்பகால சிகிச்சை, சில கண்களில் புதிய கேடுகளை விளைவித்தமையால், விழித்திரையின் ஓரத்தில் மெல்லிய லேசர்ப் பொட்டுகளை இடும் முறை பின்னர் மேலோங்கிற்று.

பத்து வயது முதல், ஓராண்டுக்கோ ஈராண்டுக்கோ ஒருமுறை, பாவையை விரித்து விழித்திரையைப் பரிசோதிக்க வேண்டுமென 2014இல் அமெரிக்க வல்லுநர்கள் விதித்தனர். வீட்டில் இந்நோயுள்ள குழந்தை இருப்பின், பார்வை நன்றாயிருக்கும்போதே கண் வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். கண்ணில் அடிபட்டால், கண்ணின் முன்னறையில் தேங்கும் உதிரம் விழியின் அழுத்தத்தை விரைவில் உயர்த்திவிடுமாதலால், அன்றைக்கே செல்லுங்கள். சென்றதும் ரத்தத்தில் அரிவாள் அணு இருப்பதை முதலில் சொல்லுங்கள்.