கொத்தடிமை முறை (இந்தியா)

கொத்தடிமை முறை என்பது, பெற்ற கடனுக்கோ முன்பணத்துக்கோ ஈடாக ஒருவர் தன் உழைப்பையும், பல வேளைகளில் தன் குடும்பத்தினரின் உழைப்பையும் கடன் கொடுத்தவரிடம் ஒப்படைத்து, அவரது இசைவின்றி வேறு வேலைக்கோ வேறு இடத்துக்கோ செல்ல இயலாத நிலையில் வாழ்வதாகும். இந்திய அரசியலமைப்பின் 23ஆம் உறுப்பு, மனித வணிகத்தையும் கட்டாய உழைப்பையும் ஒரே விதியில் தடை செய்கிறது. உழைப்புச் சுரண்டலுக்காக ஆட்களைக் கொண்டுசெல்லும் தரகர்கள் பெரும்பாலும் அவர்களைக் கட்டி இழுத்துச் செல்வதில்லை. முன்பணம் கொடுத்து அழைத்துச் செல்கின்றனர். எனவே இவ்விரண்டையும் ஒருசேர நோக்குவது பொருத்தமானது.

பெயர்களும் பின்னணியும்

இம்முறை நாடெங்கும் வெவ்வேறு பெயர்களில் வழங்கியது. தமிழகத்தில் பண்ணையாள், படியாள் என்றும், கர்நாடகத்தில் ஜீதா என்றும், பீகாரில் கமியா என்றும், இராசத்தானில் சாக்ரி என்றும் அறியப்பட்டது. 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டமே இத்தகைய பெயர்கள் பலவற்றை வரிசையாகக் குறிப்பிடுகிறது. பெயர்கள் பலவாயினும் கொத்தடிமைகளாக இருந்தோர் பெரும்பாலும் நிலமற்ற தாழ்த்தப்பட்ட சாதியினரும் பழங்குடியினருமே ஆவர். கடன் தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்வதும், பிறந்த சாதியின் பெயராலேயே உழைப்பு கடமையாக்கப்படுவதும் வழக்கமாக இருந்தன.

பழைய பண்ணை உறவுகள் தளர்ந்த பின்னரும் முறை மறையவில்லை. அது செங்கல் சூளை, கல்குவாரி, அரிசி ஆலை, மரம் வெட்டுதல், கரும்பு வெட்டுதல் போன்ற தொழில்களுக்கு இடம்பெயர்ந்தது. இன்று தலைமுறைக் கடனைவிட ஒரு பருவத்துக்கான முன்பணமே மிகுதியாகக் காணப்படுகிறது.

செங்கல் சூளைகளில் செயற்படும் விதம்

ஒடிசாவின் மேற்கு மாவட்டங்களான பலாங்கிர், நுவாபடா, களாகண்டி ஆகியவற்றிலிருந்து ஆண்டுதோறும் ஏராளமான குடும்பங்கள் ஆந்திரம், தெலுங்கானா, தமிழ்நாடு ஆகிய மாநிலங்களின் சூளைகளுக்குச் செல்கின்றன. அங்கு இது ‘தாதன்’ எனப்படுகிறது. புது நெல் விழாவான நுவாக்காய் கொண்டாடப்படும் ஆகத்து, செப்டம்பர் மாதங்களில், வீட்டில் பணம் இல்லாத வேளையில், தரகர்கள் ஊருக்குள் வந்து முன்பணம் தருகின்றனர். திருமணம், மருத்துவம், பழைய கடன் ஆகியவற்றுக்கு அப்பணம் உடனே செலவாகிவிடும். மழைக்காலம் ஓய்ந்தபின் குடும்பம் தொடருந்து ஏறும்போது கையில் பணம் இல்லை; கடன் மட்டுமே உள்ளது.

முன்பணம் தனி ஆளுக்கு வழங்கப்படுவதில்லை. கணவன், மனைவி, பிள்ளை ஆகியோர் சேர்ந்த ஒரு கூட்டு ‘பதுரியா’ என்று கணக்கிடப்படுகிறது. கூலி நாட்கணக்கில் அல்லாமல், அறுத்த ஆயிரம் கற்களுக்கு இவ்வளவு என்று கணிக்கப்படும். மண் குழைப்பது, அச்சில் இட்டுக் கல் அறுப்பது, வெயிலில் புரட்டிப் போடுவது, அடுக்குவது என எல்லா வேலைகளையும் குடும்பமே செய்கிறது. ஈரக் கல்லின்மேல் மிதித்தாலும் கல் சிதையாத அளவுக்கு எடை குறைந்தவர்கள் என்பதால், கற்களைப் புரட்டும் பணி சிறுவர்களுக்கே விடப்படுகிறது. கணக்கோ குடும்பத் தலைவரின் பெயரில் மட்டுமே எழுதப்படும். மனைவியின் உழைப்புக்குத் தனி ஊதியம் கிடையாது. கடன் மட்டும் அவரையும் சேர்த்தே பிணைக்கிறது.

வாரந்தோறும் உணவுச் செலவுக்கு ஒரு சிறு தொகை தரப்பட்டு, அதுவும் கணக்கில் ஏற்றப்படுகிறது. மழை பெய்து பச்சைக் கல் கரைந்தால் அந்த எண்ணிக்கை சேராது. நோயுற்ற நாட்களுக்குக் கூலி இல்லை. பருவ இறுதியில், பொதுவாக சூன் மாதத்தில், கணக்கு முடிக்கப்படுகிறது. கணக்கேட்டை எழுதுபவர் முதலாளியின் ஆள்; தொழிலாளியிடம் படி எதுவும் இருப்பதில்லை. மிச்சம் இருந்தால் அடுத்த ஆண்டும் வரவேண்டும், அல்லது தீர்க்கும் வரை நிற்கவேண்டும். இங்கு பூட்டிய கதவு தேவைப்படுவதில்லை. மொழி தெரியாத ஊரில், கையில் பணமின்றி, பிள்ளைகளுடன் ஒரு குடும்பம் எங்கும் செல்ல இயலாது. தப்பிச் செல்வோரின் உறவினர்களை ஊரிலேயே மிரட்டத் தரகருக்கு வழி உண்டு. 2013 திசம்பரில் முன்பணம் பெற்ற களாகண்டித் தொழிலாளர் இருவரின் வலக்கைகள் தரகரின் ஆட்களால் வெட்டப்பட்டன. உச்ச நீதிமன்றம் இதனைத் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டது.

தமிழ்நாட்டின் வட மாவட்டங்களில் திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு ஆகிய பகுதிகளின் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் இருளர் குடும்பங்கள் இதே நிலையில் பலமுறை மீட்கப்பட்டுள்ளன. பாம்பு பிடித்தலும் அதன் தோல் விற்பனையும் 1970களில் தடை செய்யப்பட்ட பின்னர், காட்டை நம்பி வாழ்ந்த இச்சமூகத்தினர் பலர் கூலி வேலைக்குத் தள்ளப்பட்டனர். அயல் மாநிலத்தவருக்கு மொழி தடையாக இருப்பது போல இவர்களுக்கு வீட்டுமனையும் சாதிச் சான்றிதழும் இல்லாமை தடையாக உள்ளது. குடியிருக்கும் குடிசையே முதலாளியின் இடத்தில் இருக்கும்போது, வேலையை விடுவது என்பது வீட்டையும் விடுவதாகும்.

சட்டம்

இந்திரா காந்தி அரசின் இருபது அம்சத் திட்டத்தின் ஒரு பகுதியாக 1975 அக்டோபரில் அவசரச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. 1976 பெப்ரவரியில் அது நாடாளுமன்றச் சட்டமாயிற்று. இச்சட்டத்தின்படி எல்லாக் கொத்தடிமைக் கடன்களும் அழிந்துவிட்டன. அவற்றை வசூலிப்பதே குற்றமாகும். பெயரளவிலான கூலி, வேலையை மாற்ற இயலாமை, விரும்பிய இடத்துக்குச் செல்ல இயலாமை, உழைப்பையோ விளைபொருளையோ சந்தை விலைக்கு விற்க இயலாமை ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று இருந்தாலே போதும். சங்கிலியோ காவலோ இருக்கவேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. கடன் கொத்தடிமைக் கடனன்று என்று மெய்ப்பிக்கும் பொறுப்பும் கடன் கொடுத்தவரையே சாரும்.

தில்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் 1982இல் உச்ச நீதிமன்றம், குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவதும் கட்டாய உழைப்பே என்று தீர்ப்பளித்தது. பசியும் வறுமையும் வேறு வழியின்றி ஆக்கும்போது அதுவும் கட்டாயமே என்பது நீதிபதி பகவதியின் விளக்கம். பரீதாபாத் கல்குவாரித் தொழிலாளர் குறித்துச் சுவாமி அக்னிவேசின் பந்துவா முக்தி மோர்ச்சா அனுப்பிய கடிதத்தையே மனுவாக ஏற்று, 1983 திசம்பரில் அந்நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இத்துறையில் முதன்மையானது.

தண்டனை அளவில் ஒரு முரண் உள்ளது. 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உயர்ந்த அளவு தண்டனை மூன்று ஆண்டுச் சிறையும் 2,000 ரூபாய் தண்டமும் ஆகும். 2013இல் திருத்தப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 370ஆம் பிரிவோ மனித வணிகத்துக்குக் குறைந்தது ஏழு ஆண்டுச் சிறை விதித்தது. பாதிக்கப்பட்டவர் இசைந்தாரா என்பது பொருட்டன்று என்றும் கூறியது. 2024 சூலை முதல் பாரதிய நியாய சன்கிதாவின் 143ஆம் பிரிவு இதன் இடத்தில் உள்ளது. ஒரே சூளையில் நடந்த ஒரே செயல், எந்தச் சட்டத்தின்கீழ் பதிவாகிறது என்பதைப் பொறுத்து வெவ்வேறு எடை பெறுகிறது.

விடுதலைச் சான்றிதழும் மறுவாழ்வும்

மீட்கப்பட்டவரைக் கொத்தடிமை என்று உறுதிசெய்து கோட்டாட்சியர் வழங்கும் விடுதலைச் சான்றிதழே பிற உதவிகளுக்கெல்லாம் திறவுகோல். கடன் அழிந்தது என்பதற்குத் தொழிலாளியின் கையில் உள்ள ஒரே சான்றும் அதுவே. 2016ஆம் ஆண்டின் நடுவண் அரசுத் திட்டம் ஆண்களுக்கு 1 இலட்சம் ரூபாயும், பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் 2 இலட்சம் ரூபாயும், பாலியல் சுரண்டல், மனித வணிகம் போன்ற கொடிய நிலைகளில் 3 இலட்சம் ரூபாயும் வழங்க வகை செய்தது. உடனடி உதவியாக இருந்த 20,000 ரூபாய் பின்னர் 30,000 ஆக உயர்த்தப்பட்டது. ஆனால் எஞ்சிய தொகை முதலாளி மீதான குற்றம் மெய்ப்பிக்கப்படுவதுடன் பிணைக்கப்பட்டது. வழக்கு சூளை உள்ள மாநிலத்தில் நடக்க, சாட்சியான தொழிலாளி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொலைவிலுள்ள தன் ஊருக்குத் திரும்பிவிடுகிறார். அவர் வராததால் வழக்கு தோற்கிறது. வழக்கு தோற்பதால் பணம் வருவதில்லை. அடுத்த நுவாக்காய் பருவத்தில் தரகர் மீண்டும் வருகிறார்.

எண்ணிக்கை

1978இல் காந்தி அமைதி நிறுவனமும் தேசியத் தொழிலாளர் நிறுவனமும் நடத்திய ஆய்வு, பத்து மாநிலங்களின் வேளாண்மையில் மட்டும் சுமார் 26 இலட்சம் கொத்தடிமைகள் இருப்பதாக மதிப்பிட்டது. அரசு அதன்பின் நாற்பது ஆண்டுகளில் அடையாளம் கண்டவர்களோ 3 இலட்சத்துக்குச் சற்று மேற்பட்டோரே. எனினும் 2016இல் நடுவண் அரசு, 2030க்குள் சுமார் 1.84 கோடிப் பேரை மீட்டு மறுவாழ்வு அளிப்பதை இலக்காக அறிவித்தது. ஒடிசாவின் தாதன் தொழிலாளர் நிலையை ஒட்டி உருவான 1979ஆம் ஆண்டின் மாநிலங்களுக்கிடையே புலம்பெயர் தொழிலாளர் சட்டம், 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளுக்குள் அடக்கப்பட்டது. 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் அவற்றில் சேர்க்கப்படாமல் தனிச் சட்டமாகவே நீடிக்கிறது.