ஆண் பொறாமை: பரிணாம உளவியலும் கிழக்கிலங்கைக் குடிமுறையும்

மனைவி வேறொருவனை நாடிவிடுவாளோ என்ற சந்தேகத்தில் கணவன் அவளைக் காவல் காப்பதற்கும் அடிப்பதற்கும் மனித இனத்தின் தொல்பழங்காலத்தில் காரணம் தேடும் கோட்பாடு ஒன்று உண்டு. பிள்ளை தன்னுடையதே என்ற உறுதி தாய்க்கு உண்டு, தந்தைக்கு இல்லை என்பது இதன் அடிப்படை.

டொனால்ட் சைமன்ஸ் 1979-இல் இதைத் தொட்டார். மார்ட்டின் டேலி, மார்கோ வில்சன் இணையர் 1982 முதல் விரித்து எழுதினர். 1992-இல் டேவிட் பஸ் குழுவினர் கேட்டபோது, துணையின் உடல்வழித் துரோகமே கூடுதலாக நோகும் என்றவர்கள் அமெரிக்க மாணவரில் சுமார் 60 விழுக்காடு, மாணவியரில் 17. ஜெர்மனியிலும் நெதர்லாந்திலும் இந்த இடைவெளி சுருங்கியது. கேள்வி கேட்ட முறையே இவ்வேறுபாட்டைப் பெருக்கியது என்பார் உண்டு. மனைவியைக் கொல்வது, கட்டுப்படுத்தும் முயற்சி எல்லை மீறியதன் விளைவு என்றனர் டேலியும் வில்சனும். பஸ் அதையும் பரிணாமத்தில் உருவான இயல்பாகவே கொள்கிறார்.

கிழக்கிலங்கையில் இக்கோட்பாட்டை உரசிப் பார்க்கலாம். அங்கே கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று, திருக்கோவில் வரையான கரையோரத்தில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் குடி என்னும் குலம் தாய்வழியே வரும். தகப்பன் யாரென்ற ஐயம் பிள்ளையின் குடியை அசைக்காது. 1876-இல் பிரிட்டோ என்பவர் வெளியிட்ட, இப்பகுதி முக்குவர் சாதியாரின் சட்டத்தில் ஆணின் முதுசம் (பரம்பரைச் சொத்து) சகோதரியின் பிள்ளைகளுக்குப் போனது. தந்தைமை உறுதி குறைந்த இடத்தில் ஆண் தன் சகோதரியின் பிள்ளைகளைப் பேணுவான் என்று ரிச்சர்ட் அலெக்சாண்டர் 1974-இல் சொன்னதற்கு இது பொருந்துவதுபோல் தெரிகிறது. ஆனால் 1969 முதல் அக்கரைப்பற்றில் ஆய்ந்த டெனிஸ் மக்கில்வ்ரே கண்ட வழக்கம் வேறு. மூத்த மகள் கலியாணம் முடித்ததும் வீடு சீதனமாக அவளுக்கு. வாப்பாவும் உம்மாவும் இளைய குமர்களோடு பக்கத்து வளவில் இன்னொரு வீட்டுக்குப் பெயர்வார்கள். அடுத்த மகளுக்கு அதுவும் போகும். தங்கச்சிமாருக்கு வீடு எழும்பும்வரை நானாமார் தம் கலியாணத்தையே தள்ளிப்போடுவதுண்டு. தன் மகள்மாருக்கு இவ்வளவு கொட்டும் தகப்பனை அலெக்சாண்டரின் சட்டகத்துக்குள் அடக்குவது எளிதன்று. மனைவியை அடிப்பதைப் பொறுத்தவரை, மருமகன் பெண்வீட்டாரிடையே வந்து குடியிருப்பதால் கைநீட்டத் தயங்குவான் என்பது ஒரு கருத்து. சீதனத் தகராறே அடிக்குக் காரணமாகிறது என்பது மறுகருத்து.

இக்கரையோரத்தைத் தாண்டி நாடு முழுவதையும் நோக்கினால், 2019 தேசிய ஆய்வில் துணைவரால் உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு உள்ளானதாகக் கூறியோர் இலங்கைப் பெண்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டப்படி, அடித்தவர் வீட்டுக்குள் நுழைவதை நீதவான் 12 மாதம்வரை தடுக்கலாம்.